கூரை போட்ட சனிக்கிழமைகள்

என்னோடு எண்பதுகளில் லண்டனில் பள்ளிக்கூடம் போனவர்களே, இப்போது முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, பிள்ளைகள் போன் எடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களே, உங்களுக்கு அந்த இலையுதிர்காலம் கட்டாயம் நினைவிருக்கும். ஒரே இரவில் காற்று வந்து நகரத்து மரங்களைத் தெருத்தெருவாகச் சாய்த்துவிட்டுப் போன வருடம். யாருடைய கார் நசுங்கியது, யாருடைய புகைபோக்கி விழுந்தது என்று அவரவர் வீட்டில் ஒரு கதை இருக்கும். என் கதையில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை போனது. அதைத் திரும்பப் போட்டவர் என் அப்பா. அவரைப் போடவைத்தது நான். இந்தக் கடைசிப் பகுதியை நெடுங்காலம் நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற வெள்ளைக்காரர்களும் என் சிநேகிதியும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆனால் என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். முத்துமாலை போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டிகூட ‘ஓம்’ என்றுதான் சொல்கிறாள். வயதானால் ஞாபகம் இப்படித்தான் தன் வசதிக்கு வேலை செய்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. தெற்கு லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். அப்பா ஊரில் விஞ்ஞான ஆசிரியர். இங்கே ஒரு பெற்றோல் செட்டில், காசு வாங்குகிற கண்ணாடிக் கூண்டுக்குள் ஷிப்ட் அடித்தார். அம்மா கைக்குழந்தையான தம்பியோடு வீட்டில் இருந்தார். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, ஒரு ஐரிஷ்காரக் கூரை ஒப்பந்தக்காரனிடம் ஓடு சுமந்தார்.

நான் படித்தது தெருமுனையில், உள்ளூராட்சி நடத்திய கவுன்சில் பள்ளிக்கூடத்தில். சிவப்புச் செங்கல் கட்டடம், உயரமான ஜன்னல்கள். மத்தியானத்தில் சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்தால் அவித்த முட்டைக்கோவாவின் மணம் முகத்தில் அடிக்கும். பின்னால் ரோஸ் நிறக் கஸ்டர்ட் வரும் என்ற நம்பிக்கையில் அதைச் சகித்துக்கொள்வோம். அந்த ரோஸ் கஸ்டர்ட்டுக்கு என்ன சுவை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. இனிப்பு, சூடு, ரோஸ். அவ்வளவுதான். கடைகளில் தேடிப்பார்த்துவிட்டேன், இப்போது அப்படி ஒன்று இல்லை.

அங்கேதான் என் சிநேகிதி இருந்தாள். அவளுடைய தாய் தகப்பன் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். தாய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஆங்கிலம் தெரியாமல் மதிலோரம் நின்ற முதல் வாரத்தில், அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இரண்டு பேர் காலில் மாட்டி நின்ற எலாஸ்டிக் கயிற்றுக்கு நடுவே என்னை நிறுத்தி, “குதி” என்றாள். நான் குதித்தேன். அந்த நாட்டில் யாரும் எனக்குச் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது.

ஒரு மழை நாள், வெளியே விளையாட விடவில்லை. சிநேகிதி என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, அம்மா எண்ணெய் வழிய வழியப் பின்னிவிட்ட இரட்டைப் பின்னலை அவிழ்த்து, தன் தலையில் இருந்ததுபோலவே சின்னச் சின்னதாகப் பன்னிரண்டு பின்னல் போட்டுவிட்டாள். தன் பின்னல்களிலிருந்து பச்சை, மஞ்சள் மணிகளைக் கழற்றி என்னுடையவற்றின் நுனியில் கோத்தாள். தலையை ஆட்டினால் மணிகள் சலசலக்கும். நான் வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கென்று பார்த்து அப்பா ஷிப்ட் மாறி வாசலில் நின்றார்.

அவர் ஏசவில்லை. வீடுவரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். உள்ளே வந்ததும் அம்மாவிடம், “இஞ்சாரும், இதை முதல்லை அவிட்டு விடும்” என்றார்.

“ஆர் பின்னினது?” என்று அம்மா கேட்டார்.

“அந்தக் கறுவல் பிள்ளைதான். வேறை ஆர்?”

அம்மா பின்னேரம் முழுக்க இருந்து அவிழ்த்தார். மணிகளை ஒரு ஜாம் போத்தலுக்குள் போட்டு வைத்தேன். வீடுகள் மாறியதில் அந்தப் போத்தல் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த வாரம்தான் பிரைவேட் பள்ளிக்கூடப் பேச்சு தொடங்கியது. இந்த இரண்டையும் நான் அன்றைக்கு முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. பத்து வயதில் யார் பார்க்கிறார்கள்?

அப்பாவின் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் தினமும் காலையில் அந்தப் பிரைவேட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சின்னக் கூட்டம் ஒன்று நடந்து போகும். கருஞ்சிவப்பு பிளேசர், நாடாவால் தாடையில் இறுக்கிய அதே நிறத் தொப்பி, பையில் பொன்னிற நூலால் தைத்த சின்னம். அதைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு மனசுக்குள் ஒன்று ஊறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ‘கொலிஜ்’ என்ற சொல்லுக்கு என்ன கனம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்பா கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பட்டணத்துக் கொலிஜ் பெடியன்கள் கழுத்துப்பட்டியோடு சைக்கிளில் போவதை ஒழுங்கையில் நின்று பார்த்தே வளர்ந்தவர். தனக்குக் கிடைக்காத கழுத்துப்பட்டி லண்டனில் தன் மகளின் கழுத்தில் ஏறட்டும் என்று நினைத்தார்.

சித்தப்பா தடுத்துப் பார்த்தார். “அண்ணை, இந்த நாட்டிலை சும்மா படிப்பிக்கினம். பிறகேன் காசைக் கரைக்கிறியள்?”

“சும்மா கிடைக்கிறது படிப்போடா?” என்றார் அப்பா. “வெள்ளையள் தங்கடை பிள்ளையளை எங்கை அனுப்பினமோ, அங்கைதான் படிப்பு இருக்கும். அவங்களுக்குத் தெரியாததோ?”

என்னை யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கேட்கிற வழக்கமும் இல்லை. கட்டணத்துக்காக அப்பா இன்னொரு ஷிப்டுக்குச் சம்மதித்தார்.

அந்தப் பள்ளிக்கூடம் செப்டெம்பரில் தொடங்கிவிட்டிருந்தது. ஆனால் அப்பா, சேர்த்தால் விஜயதசமியன்றுதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதிபரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அடுத்த சட்டம். ஊரில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் அதிபருக்கு ஒரு வாழைக்குலை கொண்டுபோவார்கள். பக்கத்து டூட்டிங் கடைத்தெருவில் அலைந்து, எந்தக் கடைக்காரனிடம் கெஞ்சினாரோ, முழுதாய் ஒரு குலையைக் காம்போடு வாங்கிவந்தார். கோட் சூட் போட்டு, தோளில் வாழைக்குலையோடு என் அப்பா கோலியர்ஸ் வுட் தெருவில் நடந்தார். நான் நாலடி பின்னால், யாரோ வேற்று வீட்டுப் பிள்ளைபோல நடந்தேன்.

அதிபர் நடுத்தர வயதுப் பெண். குலையைப் பார்த்ததும் அவருடைய வாய் ஒருதரம் திறந்து மூடியது. பிறகு, “இது எங்கள் எல்லாருக்கும் காணும் போலை இருக்கே” என்று சொல்லி, இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தார். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பழம் கிடைத்தது. நல்ல மனுஷி என்று இப்போதும் நினைக்கிறேன். சம்பளத்துக்கு வந்தவர், அந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அல்ல.

பள்ளிக்கூடம் என்றால் என்ன? ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபம். நடுவே மடக்குப் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் பெரிய பிள்ளைகள், அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள். மொத்தம் முப்பது பேர்கூட இல்லை. விஞ்ஞான அறை இல்லை, மைதானம் இல்லை. மூலையில் ஒரு காஸ் ஹீட்டர். அதற்குக் கிட்ட இருப்பவளின் முழங்கால் பொரியும், தூர இருப்பவளின் விரல் விறைக்கும். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் இருந்த நூலகத்தில் கால்வாசிப் புத்தகம்கூட இங்கே இல்லை. விஞ்ஞான ஆசிரியரான அப்பா இதையெல்லாம் பார்த்தாரா? பார்த்தார். பார்த்தும் அவருக்குத் தெரிந்தது பிளேசரும் சின்னத்துக்குக் கீழே இருந்த லத்தீன் வரியும்தான்.

சுவரில் ஒரு சட்டமிட்ட படம் தொங்கியது. ஏழு பெண்கள், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், நீளமான மடக்கு மேசை. கீழே ‘நாங்கள் தொடங்கிய நாள்’ என்று எழுதியிருந்தது. ஏன் தொடங்கினார்கள் என்று ஒருநாள் அதிபரைக் கேட்டேன். அவர் படத்தைச் சற்று நேராக்கினார். “அவைக்குத் தங்கடை பிள்ளையளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது” என்றார். அது ஒரு பதிலாகவே எனக்குப் பட்டது.

அங்கே யாரும் என்னை அடிக்கவில்லை. தெருவில் கேட்ட வசைகளை அங்கே கேட்கவில்லை. எல்லாரும் மரியாதையானவர்கள். ஆனால் நடனப் பாடத்தில் கைகோத்து வட்டமாக நிற்கச் சொன்னால், பக்கத்தில் நிற்பவள் தன் கம்பளிச் சட்டைக் கையை உள்ளங்கைவரை இழுத்துவிட்டு, அந்தச் சட்டைக் கையை என்னிடம் நீட்டுவாள். நான் ஒரு தவணை முழுக்கக் கம்பளியைப் பிடித்துக்கொண்டுதான் நடனம் படித்தேன். ஏன் என்னைச் சேர்த்தார்கள் என்று இப்போது விளங்குகிறது. வருடாவருடம் பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்தார்கள். கட்டணம் கட்ட ஆள் வந்தால் விட மனமில்லை.

சிநேகிதியை வார இறுதிகளில் பொது நூலகத்தில் சந்திப்பேன். என் தொப்பியைத் தன் பின்னல்களுக்கு மேல் வைத்துப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். திங்கட்கிழமை அதே தொப்பியைப் போடும்போது அழுகை வரும். திரும்பிப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது இருந்த ஆசை. சாமி அறையில் கும்பிட்டதும் அதற்குத்தான்.

நான் சேர்ந்து இரண்டு வாரம் கழித்துக் காற்று அடித்தது. காலையில் எழுந்தால் மின்சாரம் இல்லை. தெரு முழுக்க இலையும் உடைந்த கிளையும். தேவாலயத்துப் பெரிய மரத்தின் ஒரு கவடு மண்டபத்தின் மேல் விழுந்து, சிலேட் ஓடுகளையும் மரச்சட்டங்களையும் உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. சின்னப் பிள்ளைகளின் மேசைகளில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. இன்சூரன்ஸ்காரர்கள் வசந்தகாலத்துக்கு முன் வரமாட்டார்கள் என்று செய்தி வந்தது. லண்டன் முழுக்க ஓடு போனால் யாருக்கென்று முதலில் வருவார்கள்?

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறைகள் சும்மா கிடக்கின்றன, வசந்தம்வரை பாவிக்கலாம் என்று அங்கிருந்த அதிபர் முன்வந்திருந்தார். அப்பா ஷிப்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்ததால் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். சாமி கேட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

நூலகத்தில் சிநேகிதிக்கு என்னைவிடக் கூடுதலாய்த் தெரிந்திருந்தது. “எங்கடை வகுப்புக்குப் பக்கத்து அறைதான்” என்றாள். “நடுவிலை ஒரு கதவு இருக்கு. அலுமாரி வைச்சு மறைச்சிருக்கினம்.”

“திறக்குமோ?”

“காவல்காரனைக் கேட்டுத் திறந்து பாத்திட்டன். திறக்குது.”

நாங்கள் இருவரும் அந்தக் கதவைப் பற்றியே ஒரு மணிநேரம் பேசியிருப்போம்.

முடிவெடுக்கப் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். ஞாயிறு மத்தியானம், தேவாலயத்துக்குள்ளேயே. அப்பா வழக்கம்போல என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா எழுதுகிற ஆங்கிலத்தைப் பார்த்தால் பெரிய துரை என்று நினைப்பீர்கள். ஆனால் லண்டன்காரர்கள் விழுங்கி விழுங்கிப் பேசுவது அவருடைய காதில் நிற்காது. வைத்தியரிடம், கவுன்சிலில், அரசாங்க உதவிப்பணம் தருகிற பெனிபிட் அலுவலகத்தில், எங்கேயும் நான்தான் அவருக்குக் காது. உங்களில் பாதிப் பேர் இந்த உத்தியோகம் பார்த்தவர்கள்தானே.

முதலில் அதிபர் பேசினார். அங்கே சூடு இருக்கிறது, நூலகம் இருக்கிறது, இரக்கத்தோடு தருகிறார்கள், போவதே நல்லது என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டினார். என் மனம் அந்தக் கதவருகே போய் நின்றுவிட்டது.

பிறகு முன்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தார். சுவர்ப் படத்தில் நடுவே நிற்கிறவர் அவர் என்று அடையாளம் கண்டேன். முத்துமாலை, சாம்பல் நிறக் கோட், மெல்லிய குரல். கோபமே இல்லாமல் பேசினார்.

“பத்து வருசத்துக்கு முன்னம் கவுன்சில் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தையும் எங்கடை பிள்ளையள் படிச்ச தெருமுனைப் பள்ளிக்கூடத்தையும் ஒண்டாக்கினது. அண்டைக்கு நாங்கள் ஏழு தாய்மார் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளியிலை வந்தனாங்கள். ஏனெண்டு இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளையளுக்குப் பக்கத்திலை எங்கடை பிள்ளையள் இருக்கக்கூடாது எண்டுதான். இப்ப நாங்களாகவே போய் அங்கை இருத்திறதோ?”

யாரோ இருமினார்கள். இரண்டு மூன்று தலைகள் எங்கள் பக்கம் திரும்பிச் சட்டென்று முன்னால் போயின. அதிபர் தன் கைகளைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் திரும்பி அப்பாவைப் பார்த்து இனிமையாகச் சிரித்தார். “உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் வேறை” என்றார்.

அவர் சிரித்ததால் அப்பாவும் சிரித்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் குனிந்தார். “என்ன சொல்லுறா?”

எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது. சட்டைக் கை விளங்கியது, படம் விளங்கியது, ‘சின்னப் பள்ளிக்கூடம்’ விளங்கியது. அப்பாவின் முகம் மிகக் கிட்ட இருந்தது. சவரம் செய்து, பவுடர் போட்டு, மரியாதையான இடத்துக்கு வந்திருக்கிறேன் என்ற சந்தோஷத்தோடு இருந்த முகம். அந்த முகத்தில் இதை எப்படிச் சொல்வது? எனக்கு ஏலவில்லை.

“அங்கை வகுப்பறை ஈரமாம் அப்பா” என்றேன். “பிள்ளையளுக்குத் தடிமன் பிடிக்குமாம். எங்கடை மண்டபம்தான் நல்லதாம். கூரைதான் இல்லையாம்.”

“கூரையோ?” என்றார் அப்பா. “அவ்வளவுதானோ?”

நான் கையைப் பிடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார். தன் எழுத்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். எங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்துக் கூரை காற்றில் போனால் அரசாங்கத்துக்காகக் காத்திருப்பதில்லை, பெற்றோர் எல்லாரும் வந்து கூலி இல்லாமல் கட்டிக்கொடுப்போம், அதற்கு சிரமதானம் என்று பெயர், என் தம்பி கூரை வேலை தெரிந்தவன், இரண்டு சனிக்கிழமை தாருங்கள், பிள்ளைகள் எங்கேயும் போகத் தேவையில்லை, என்றார்.

பிறகு முத்துமாலைப் பெண் கைதட்டத் தொடங்கினார். எல்லாரும் தட்டினார்கள். அதிபர் மட்டும் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் வாயாலேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டேனே என்று நினைத்து அழாமல் இருக்கப் பாடுபட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒரு பழைய வான் வண்டியில் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். சித்தப்பா தன் ஐரிஷ் முதலாளியிடம் ஏணியும் கழித்துப்போட்ட சிலேட் ஓடுகளும் கேட்டு வாங்கிவந்திருந்தார். பெற்றோல் செட்டில் அப்பாவோடு வேலை செய்பவர், ஊரில் பொறியியல் படித்துவிட்டு இங்கே உணவகத்தில் கோப்பை கழுவியவர், இன்னும் நாலு பேர். அப்பா சாரத்தை மடித்துக் கட்டவில்லையே தவிர, மற்றபடி ஊரில் இருந்தது மாதிரியே இருந்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார். ஈரமரத்தின் மணத்தோடு செத்தல் மிளகாய் மணமும் சேர்ந்து அந்தத் தேவாலய முற்றத்தில் நின்றது இன்னும் மூக்கில் இருக்கிறது.

“டேய், அந்த மூலையைப் பிடியடா!”

“அண்ணை, சட்டம் உழுத்துப்போச்சு, மாத்தவேணும்!”

இப்படி மேலிருந்து சத்தம். கீழே ஏழு தாய்மாரில் இரண்டு பேர் பூப்போட்ட கோப்பைகளில் சீனி இல்லாத தேநீர் கொண்டுவந்தார்கள். நம் ஆட்கள் மருந்து குடிக்கிற முகத்தோடு மரியாதையாகக் குடித்தார்கள். முத்துமாலைப் பெண்ணின் கணவர் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றாகத்தான் பிடித்தார், பாவம். யாரோடு தன் பிள்ளை உட்காரக்கூடாது என்று அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டதோ, அந்த மனிதர்கள் அதன் உச்சியில் உட்கார்ந்து ஆணி அடித்தார்கள். சிரிப்பு வரவில்லையா உங்களுக்கு? எனக்கு இப்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம், தெருவின் எதிர்ப்பக்கம் என் சிநேகிதி தாயின் சாமான் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் ஓடிப்போனேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது உன்ரை அப்பாவோ?”

“ஓம்.”

“கூரை போட்டால் நீங்கள் எங்கடை பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டியளே.”

“இல்லை.”

“அவருக்கு அது தெரியுமோ? நீ சொல்லேல்லையோ?”

என்ன சொல்வேன்? சொல்வதென்றால் கூட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முத்துமாலைப் பெண் ‘அந்தப் பிள்ளையள்’ என்றது இவளைத்தான். அப்பாவுக்குச் சொல்ல முடியாததை இவளுக்கு எப்படிச் சொல்வது? எனவே இரண்டாவது பொய்யையும் சொன்னேன்.

“எனக்கு இஞ்சைதான் பிடிச்சிருக்கு.”

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். கோபப்படவில்லை. “சரி” என்றாள். வண்டியை இழுத்துக்கொண்டு போனாள். வண்டிச் சில்லு ஒன்று கீச்சிட்டுக்கொண்டே போனது. அடுத்த வாரம் நூலகத்துக்குப் போனேன், அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கோடைக்குள் அவர்கள் குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். முதல் பொய்க்கு ஒரு நியாயம் இருந்தது. இரண்டாவதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வருட முடிவில் பள்ளிக்கூடம் தன் பத்தாண்டு வரலாறு என்று ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தது. அதில் ‘ஏழு தாய்மாரின் துணிவு’ என்று ஒரு பத்தி இருந்தது. கடைசியில், புயலில் சேதமான கூரை பெற்றோரின் அன்பால் திருத்தப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. எந்தப் பெற்றோர் என்று இல்லை. அப்பா அந்தத் தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

அதற்குப் பிறகு நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன், நாங்கள் ஹரோவுக்கு வீடு மாறினோம், அப்பா சொந்தமாக ஒரு கடை எடுத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் தாளைக் காட்டுவார். “என்ரை மகள் படிச்ச பிரைவேட் ஸ்கூல். கூரை போட்டதே நாங்கள்தான்” என்பார். நான் தேநீர்த் தட்டோடு நின்று கேட்பேன். சில விருந்தாளிகளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு ஞாயிறு மத்தியானம், சித்தப்பா வந்தார். அவருக்கு அப்போது சொந்தக் கூரைக் கொம்பனி. அந்தப் பள்ளிக்கூடம் பிள்ளைகள் இல்லாமல் மூடிவிட்டது, மண்டபத்தை இடித்து வீடு கட்டப்போகிறார்கள், கூரை கழற்றுகிற வேலை தனக்கே வந்தது என்றார்.

“அண்ணை, நாங்கள் போட்ட ஓட்டிலை ஒண்டுகூட அசையேல்லை. கழட்ட மனமே வரேல்லை.”

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு நல்ல சனம். எவ்வளவு மரியாதையா நடத்திச்சினம்” என்றார். “ஈரமான இடத்துக்குத் தங்கடை பிள்ளையளை விடமாட்டம் எண்டு அந்த மனுசி எழும்பி நிண்டா பார், அதுதான் தாய்.”

இதுவரை எல்லாவற்றையும் தாங்கிய எனக்கு அந்தக் கடைசிச் சொல்லைத் தாங்க முடியவில்லை.

“அப்பா, அந்த மனுசி ஈரம் எண்டு சொல்லேல்லை.”

“பிறகு?”

சொன்னேன். எட்டு வருடம் பிந்தி, சொல்லுக்குச் சொல், சரியாக மொழிபெயர்த்தேன். ஏழு தாய்மாரை, கவுன்சிலை, அந்தப் பிள்ளைகளை, ‘நீங்கள் வேறை’யை, எல்லாவற்றையும் சொன்னேன். சிநேகிதி திறந்து பார்த்த கதவைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். சித்தப்பா எழுந்து, சிகரெட் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அல்லது வெட்கத்தில் கூனிப்போவார் என்று. இத்தனை வருடமும் நான் பயந்தது அந்த முகத்துக்குத்தான். அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போடவில்லை.

“நானும் அதுக்குத்தானே பிள்ளை உன்னை அங்கையிருந்து எடுத்தனான்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“கொலிஜ் எண்டு எல்லாருக்கும் சொன்னன். அதுவும் உண்மைதான். ஆனால் உன்ரை தலையிலை அந்தப் பின்னலைக் கண்ட அண்டைக்குத்தான் முடிவெடுத்தனான். அந்தப் பிள்ளையோடை நீ இருக்கக்கூடாது எண்டு. அந்த மனுசி என்னைப் பாத்து ‘நீங்கள் வேறை’ எண்டாவாமே. வேறையே இல்லை, பிள்ளை. நானும் அதேதான்.”

வெளியே சித்தப்பா யாரோ பக்கத்து வீட்டுக்காரரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. என் அப்பா நல்லவர். அன்றைக்கும் நல்லவர்தான். அதனால்தான் எனக்கு அது அவ்வளவு வலித்தது.

“அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?” என்று கேட்டார்.

அத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. சொன்னேன். அவர் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிழையாக வந்தது. நான் திருத்தினேன். இரண்டாம் தரம் சரியாகச் சொன்னார்.